வாக்கியம் எங்கே நிறைவடைகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் காசியில் நடந்த ஒரு நிகழ்ச்சி. தமிழகத்திலிருந்து யாத்திரையாக வந்த அன்பர்கள் சுமார் நாற்பது பேர் ஆசிரமத்தில் தங்கியிருந்தனர். அவர்களுள் வயது முதிர்ந்த ஓர் அம்மையாரும் இருந்தார். அவர் கணவரை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மகனுடன் சென்று அஸ்தியைக் கங்கையில் கரைத்துவிட்டு வந்தவர், ஆசிரமத்தின் மூத்த துறவியை வணங்க வந்தார். மகராஜுக்குத் தமிழ் தெரியாது. அம்மையாருக்கு ஹிந்தி தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்க்கும் பொறுப்பு என்னுடையது. மறைந்தவருக்காக அன்று மாலை பிரார்த்தனை செய்வதுபற்றி மகராஜ் கனிவோடு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நான் அதை, "இன்று மாலை நாங்கள் அவருக்காகப் பிரார்த்தனை செய்வோம், அம்மா" என்று தமிழில் கூறினேன். அவர் கைகூப்பி விடைபெற்றார்.

மாலை ஆரதியும் பிரார்த்தனையும் முடிந்து வெளியே வந்தேன். அந்த அம்மையார் தாழ்வாரத்தில் ஒரு தூணருகே தனியாக அமர்ந்திருந்தார். "உள்ளே வரவில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"நீங்கள் எல்லாம் செய்வதாகத்தானே சொன்னீர்கள், சாமி. அதில் நானும் வந்து உட்காரலாமா என்று தெரியவில்லை. அதனால் இங்கேயே இருந்துவிட்டேன்" என்றார். அவர் குரலில் குறையோ கோபமோ இல்லை. அன்றிரவே அவர்களுக்கு ரயில்.

மகராஜ் பயன்படுத்திய சொல் 'ஹம்'. பேசுபவர்கள் மட்டும் என்றும், கேட்பவரையும் சேர்த்து என்றும் அந்த ஒரே சொல் பொருள்படும். வங்காளத்தின் 'ஆம்ரா'வும் அப்படியே. தமிழிலோ 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்றும், மராட்டியில் 'ஆபண்', 'ஆம்ஹீ' என்றும் இவ்வேறுபாடு உண்டு. ஹிந்தியில் பேசுபவர் முடிவு செய்யாமல் விட்டுவிடக்கூடிய ஒன்றைத் தமிழில் பேசுபவர் முடிவு செய்தே ஆக வேண்டும். நான் முடிவு செய்யவில்லை. வாய் முடிவு செய்துவிட்டது. 'பிரார்த்தனை செய்வோம்' என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட அவர் உள்ளே வந்திருப்பார். பொருளுக்குத் தேவையே இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்து, கணவருக்கான பிரார்த்தனையிலிருந்து மனைவியை வெளியே அமர்த்திவிட்டேன்.

கேட்பவரிடமிருந்து தொடங்கிய ஆராய்ச்சி

மொழியைப்பற்றி ஆராய்ந்த நம் தத்துவ அறிஞர்கள், 'நான் சொல்ல நினைப்பதை எப்படிச் சொல்வது?' என்ற கேள்வியோடு தொடங்கவில்லை. 'ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் கேட்பவருக்கு அறிவு எப்படி உண்டாகிறது?' என்பதே அவர்களுடைய கேள்வி. அந்த அறிவுக்குச் சாப்த போதம் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அன்னம்பட்டரின் 'தர்க்க சங்கிரகம்' அதற்கு மூன்று காரணங்களைக் கூறுகிறது: ஆகாங்க்ஷை, யோக்யதை, சந்நிதி. அதே நூற்றாண்டில் வாழ்ந்த, தமிழகத்தவரான தர்மராஜ அத்வரீந்திரர் தமது 'வேதாந்த பரிபாஷை'யில் நான்காவதாகத் தாத்பரியத்தையும் சேர்க்கிறார். தர்க்க வகுப்பில் மாணவர்கள் மனப்பாடம் செய்து மறந்துவிடும் பட்டியல் இது. உண்மையில் இது நம் வீட்டுக் கூடத்தில் அன்றாடம் நிகழ்வதைப்பற்றியது.

சந்நிதி என்பது சொற்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து வருவது. ஒரு சொல்லை இப்போதும் அடுத்த சொல்லை மூன்று மணி நேரம் கழித்தும் சொன்னால் அது வாக்கியமாகாது. யோக்யதை என்பது பொருள் ஒன்றோடொன்று பொருந்துவது. நெருப்பால் நனைப்பதாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. இவை இரண்டிலும் நாம் அதிகம் தவறுவதில்லை.

ஆகாங்க்ஷை சற்று ஆழமானது. ஒரு சொல் தன் துணைச்சொல்லை எதிர்பார்த்து நிற்பதே ஆகாங்க்ஷை. 'கொண்டு வா' என்றவுடன் 'எதை?' என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. அது நிரம்பும்வரை வாக்கியம் முடிவதில்லை. ஆனால் வீட்டில் நாம் பேசும் வாக்கியங்களில் பெரும்பாலானவை பாதி வாக்கியங்கள்தாமே! ஒருவர் 'கதவு' என்கிறார்; மற்றவர் எழுந்து சென்று மூடுகிறார். இங்கே கேட்பவர் நிரப்புவது விடுபட்ட சொல்லையா, அல்லது நேரடியாகப் பொருளையா என்று மீமாம்சகர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. அத்யாஹாரம் என்பது அதன் பெயர். விவாதத்தின் முடிவு எதுவாயினும் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உள்ளது: பேசியவர் விட்ட இடத்தை நிரப்புபவர் கேட்பவரே.

அவர் எதைக்கொண்டு நிரப்புகிறார்? தம் மனத்தில் ஏற்கெனவே இருப்பதைக்கொண்டு. வெயிலில் களைத்து வீடு திரும்பிய கணவர், மேசைமேல் கிடக்கும் மின்கட்டண ரசீதைப் பார்த்து, "இது இன்னும்..." என்கிறார். 'கட்டவில்லையா, நான் போய்க் கட்டிவிட்டு வரட்டுமா?' என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். மனைவியின் காதில் அது, 'இதைக்கூட உன்னால் செய்ய முடியவில்லையா?' என்று நிறைவடைகிறது. பத்து ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய பேச்சுகள் அந்த இடைவெளியில் வந்து அமர்ந்துகொள்கின்றன. பிறகு நடக்கும் சச்சரவில், 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று அவர் கூறுவதும் உண்மை. 'அப்படித்தான் என் காதில் விழுந்தது' என்று இவர் கூறுவதும் உண்மை. அன்பு மிகுந்த வீடுகளில் பாதி வாக்கியங்கள் போதுமானவையாக இருக்கின்றன. மனத்தாங்கல் உள்ள வீடுகளில் அவையே ஆபத்தானவை. உறவு சற்றே கசந்திருக்கும் காலத்தில் வாக்கியங்களை முழுமையாகப் பேசுவது நல்லது என்பது என் கருத்து. அது செயற்கையாகத் தோன்றலாம், தோன்றட்டும்.

தாத்பரியம்

வடக்கே வந்த புதிதில் எனக்குப் பெரிய தொல்லை கொடுத்த சொல் 'கல்'. ஹிந்தியில் நேற்றும் அதுவே, நாளையும் அதுவே. வினைச்சொல் வந்தால் சிக்கல் இல்லை. 'டாக்டர் எப்போது?' என்று கேட்டதற்கு 'கல்' என்று மட்டும் பதில் வந்தால், டாக்டர் வந்து போய்விட்டாரா, இனிமேல்தான் வருவாரா? அங்குள்ளவர்கள் யாரும் இதனால் குழம்புவதில்லை. சூழ்நிலை அவர்களுக்குப் பொருளைக் காட்டிவிடுகிறது. உணவு வேளையில் 'சைந்தவம்' கேட்டால் உப்பு, பயணத்துக்குக் கிளம்பும்போது கேட்டால் குதிரை என்று நம் சாஸ்திரங்கள் தரும் பழைய உதாரணமும் இதைத்தான் சொல்கிறது.

தாத்பரியத்தைப் பேசுபவரின் கருத்து என்றே நாம் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். தர்மராஜர் அதை ஏற்கவில்லை. பொருள் அறியாத ஒருவர் வேதத்தை ஓதினாலும், அறிந்தவர் கேட்டுப் பொருள் கொள்கிறாரே! அங்கே ஓதியவருக்கு எந்தக் கருத்தும் இல்லையே! எனவே, குறிப்பிட்ட ஓர் அறிவை உண்டாக்குவதற்கு வாக்கியத்துக்கு உள்ள தகுதியே தாத்பரியம் என்கிறார் அவர். வேறு பொருளைக் கருதிச் சொல்லப்பட்டதாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் பிறகு சேர்க்கிறார். எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது வெறும் வாதத்திறமையாகவே எனக்குப் பட்டது. காசித் தாழ்வாரத்தில் நின்றபோதுதான் உறைத்தது. அந்த அம்மையாரை விலக்கும் கருத்து என் மனத்தில் அணுவளவும் இல்லை. சொல்லப்போனால் அந்தக் கணத்தில் எந்தக் கருத்துமே இல்லை. பொருளறியாமல் ஓதுபவரைப்போல்தான் நானும் பேசியிருந்தேன். வாக்கியமோ தனக்குத் தகுதியான வேலையைச் செய்து முடித்துவிட்டது.

இந்தத் தகுதியை வாக்கியம் எங்கிருந்து பெறுகிறது? அகராதியிலிருந்து மட்டுமல்ல. குழந்தை மொழி கற்கும் விதத்தை மீமாம்சகர்கள் விளக்குவதைப் பாருங்கள். பெரியவர் ஒருவர் மற்றவரிடம் பசுவைக் கொண்டுவரச் சொல்கிறார், அவர் கொண்டுவருகிறார். அருகில் இருக்கும் குழந்தை இரண்டையும் கவனிக்கிறது. பிறகு பசுவைக் கட்டுமாறும் குதிரையைக் கொண்டுவருமாறும் சொல்லக் கேட்கிறது. எந்தச் சொல் மாறியபோது எந்தச் செயல் மாறியது என்று பார்த்துப் பார்த்துச் சொற்பொருளைத் தெரிந்துகொள்கிறது. விருத்த வியவஹாரம், அதாவது மூத்தோர் வழக்கு, என்று இதைக் கூறுவர். இங்கே குழந்தையிடம் யாரும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் அது கற்கிறது. 'சரி' என்று தந்தை சொன்னவுடன் தாய் முகம் திருப்பிக்கொண்டு போகும் வீட்டில், 'சரி' என்பதற்கு உடன்பாடு என்ற பொருளைக் குழந்தை கற்பதில்லை. 'இனி பேசாதே' என்ற பொருளையே கற்கிறது. வளர்ந்தபின் தன் நண்பன் வெள்ளை மனத்தோடு 'சரி' என்று சொல்லும்போதும் அதன் மனம் துணுக்குறும்.

அளவுகோல் யாரிடம்?

கீதையின் பதினேழாம் அத்தியாயம் உடலால், வாக்கால், மனத்தால் செய்யும் தவங்களைக் கூறுகிறது. வாக்கின் தவத்துக்குக் கூறப்படும் இயல்புகளில் முதலில் வருவது, கேட்பவருக்குக் கலக்கம் விளைவிக்காமை. அதன்பிறகே உண்மை வருகிறது; தொடர்ந்து இனிமையும் நன்மையும். சாஸ்திரப் பயிற்சியும் அந்தத் தவத்தில் அடங்கும். இவற்றுள் ஒன்றோ இரண்டோ மூன்றோ குறைந்தாலும் அது வாக்கின் தவமாகாது என்று ஆதிசங்கரர் தமது உரையில் வலியுறுத்துகிறார். அவர் தரும் உதாரண வாக்கியம், கேட்பவனைக் குழந்தையாக அன்போடு விளிக்கிறது. அறிவுரையோடு உறவும் வந்துவிடுகிறது.

'நான் உண்மையைத்தானே சொன்னேன்' என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். அந்த நான்கில், கேட்பவரைப் பாராமலேயே நம்மால் சோதித்துக்கொள்ளக் கூடியது உண்மை ஒன்றுதான். கலக்கம், இனிமை, நன்மை ஆகிய மூன்றும் கேட்பவரிடத்தில் அளக்கப்படுபவை. எளிதான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்றை விட்டுவிடுகிறோம். இதற்காக, கேட்பவர் எப்படிப் புரிந்துகொண்டாலும் பழி முழுவதும் பேசியவருடையதே என்று கூறுவதும் பொருந்தாது. எதைச் சொன்னாலும் குத்தலாகவே எடுத்துக்கொள்பவரும் உண்டு. இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பது கேட்பவரின் சாதனை. ஆனால் அந்த அம்மையார் அப்படிப்பட்டவர் அல்லர். தமிழறிந்த எவரும் கொள்ளக்கூடிய பொருளையே அவர் கொண்டார்.

மகராஜிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். "தமிழில் இரண்டு 'ஹம்' உண்டா?" என்று வியப்போடு கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு தாழ்வாரத்துக்கு வந்து, அம்மையாருக்கு அருகே தரையில் அமர்ந்தார். மறைந்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கண்களை மூடினார். அவர் மகனும் வந்து அமர்ந்தார், நானும் அமர்ந்தேன். வாசலில் ரயில் நிலையத்துக்குச் செல்லும் வண்டி வந்து நிற்கும்வரை யாரும் எழவில்லை.

அதன்பிறகு தமிழ் அன்பர்கள் வரும்போதெல்லாம், பேச்சில் அந்தச் சொல் வந்தவுடன் மகராஜ் சற்று நிறுத்தி என் பக்கம் திரும்புவார். பிறகு எதிரில் இருப்பவர்களைச் சுட்டிக்காட்டி, "இவர்களையும் சேர்த்து" என்பார்.