வன்பொருட் பாதுகாப்பு: செய்திகளை அறிந்திருத்தல்

மாணவர்களே! கணினியைப் பாதுகாக்கும் வழி ஒன்றைக் கேட்டால் "வைரசு எதிர்ப்பு மென்பொருளை நிறுவுதல்" என்று உடனே எழுதிவிடுவீர்கள். விடை சரியே. ஆனால், குறைபாடு முறைவழியாக்கியிலேயே இருந்தால் என்ன செய்வது? பின்வரும் உதாரணத்தைக் கவனியுங்கள்.

1. நடந்தது என்ன?

2018 ஜனவரி 3 ஆம் திகதி மெல்ற்டவுன், ஸ்பெக்டர் எனும் இரு வன்பொருட் குறைபாடுகள் பகிரங்கப்படுத்தப்பட்டன. கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் ஒஸ்ரியாவின் கிராஸ் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட வேறு சிலரும் இவற்றைத் தனித்தனியே கண்டறிந்தனர். மெல்ற்டவுன் பெரும்பாலும் இன்ரெல் முறைவழியாக்கிகளைப் பாதித்தது. ஸ்பெக்டர் இன்ரெல், ஏஎம்டி, ஆர்ம் ஆகிய மூன்றையும் பாதித்தது. எனவே கைத்தொலைபேசிகளும் தப்பவில்லை.

2. காரணம்

முறைவழியாக்கி நேரத்தை மிச்சப்படுத்த, அடுத்த அறிவுறுத்தலை ஊகித்து முன்கூட்டியே நிறைவேற்றும். ஊகம் பிழைத்தால் பெறுபேற்றைக் கைவிடும்.

தேநீர்க்கடைக்காரர் ஒருவர், வழமையாக வருபவர் கேட்கும் முன்பே பிளேன்ரீ ஊற்றிவிடுகிறார். வந்தவர் சோடா கேட்கிறார். தேநீரைக் கொட்டிவிட்டாலும் கோப்பை சூடாகவே இருக்கும். அதைத் தொட்டுப் பார்ப்பவருக்கு அங்கே என்ன நடந்தது என்பது விளங்கிவிடும். அதுபோலவே, கைவிடப்பட்ட வேலையின் தடயம் பதுக்கு நினைவகத்தில் எஞ்சுகிறது. அதே கணினியில் இயங்கும் தீய நிரல் அத்தடயத்தைக் கொண்டு கடவுச்சொல் போன்ற இரகசியங்களை ஊகித்தறியலாம்.

3. தீர்வு

விற்பனையான முறைவழியாக்கிகளை எல்லாம் மாற்ற முடியாது. ஆகவே பணிசெயல் முறைமை, இணைய உலாவி, முறைவழியாக்கியின் நுண்நிரல் ஆகியவற்றுக்கு இற்றைப்படுத்தல்கள் வெளியிடப்பட்டன. அவற்றை நிறுவியவரே பாதுகாப்புப் பெற்றார். செய்தியை அறியாமல் இற்றைப்படுத்தலை நிறுத்தி வைத்திருந்தவரின் கணினியில் குறைபாடு அப்படியே இருந்தது.

4. செய்தியை எவ்வாறு வாசிப்பது?

• எந்தச் சாதனம், எந்த மாதிரி என்று பாருங்கள்.
• உற்பத்தியாளரின் அறிவித்தலுடன் ஒப்பிடுங்கள். இலங்கையில் 2006 இல் அமைக்கப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனமும் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.
• குறைபாட்டின் பொது இலக்கத்தைக் குறியுங்கள். மெல்ற்டவுனின் இலக்கம் சிவிஇ-2017-5754. இதிலுள்ள 2017 பகிரங்கப்படுத்திய ஆண்டன்று; இலக்கம் ஒதுக்கப்பட்ட ஆண்டாகும்.
• சாதனத்துக்கு ஆதரவு தொடர்கிறதா எனப் பாருங்கள். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவடைந்தது.

மாதிரி வினா

வைரசு எதிர்ப்பு மென்பொருள் மாத்திரம் கணினியைப் பாதுகாக்கப் போதாது. காரணம் தந்து விளக்குக.

விடைக் குறிப்பு: குறைபாடு வன்பொருளின் வடிவமைப்பிலும் இருக்கலாம் (உதாரணம்: மெல்ற்டவுன், 2018). அதனை வைரசு எதிர்ப்பு மென்பொருளால் நீக்க முடியாது. உற்பத்தியாளரின் அறிவித்தலை அறிந்து உரிய இற்றைப்படுத்தலை நிறுவ வேண்டும்.

பயிற்சி: உங்கள் வீட்டிலுள்ள கைத்தொலைபேசி இறுதியாக இற்றைப்படுத்தப்பட்ட திகதியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுக.