சுவரொட்டியை விட்டுவிடாதீர்கள்

புதுக்கோட்டை போன்ற வானம் பார்த்த மாவட்டத்தில் ஆடுதான் பல வீடுகளின் சேமிப்பு. அதில் தொடைக்கறி மட்டுமே நல்ல கறி என்று நினைப்பது சத்துக் கணக்கில் தவறு. 100 கிராம் செம்மறிச் சதையில் இரும்புச்சத்து சுமார் 2 மில்லிகிராம்தான். ஈரலில் 7, சுவரொட்டி எனப்படும் மண்ணீரலில் ஏறக்குறைய 40. ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டியை வாட்டிக் கொடுக்கும் வழக்கத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸுடன் சேர்த்து இரைப்பையில் அடைத்து அவிக்கும் ஹாகிஸைத் தங்கள் தேசிய உணவாகவே போற்றுகிறார்கள்.

ஈரலில் கொலஸ்ட்ரால் அதிகம் என்ற ஆட்சேபம் உண்மைதான். எப்போதாவது, கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். வைட்டமின் ஏ மிகையாகச் சேரும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஈரல் வேண்டாம். யூரிக் அமிலம் கூடியவர்கள் உள்ளுறுப்புகள் எல்லாவற்றையுமே தவிர்ப்பது நல்லது. அழுக்கு என்ற குறை குடலுக்குத்தான் பொருந்தும். உட்புறத்தைத் திருப்பி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் பலமுறை அலசி, குக்கரில் நன்றாக வேகவிட்டால் அந்தக் குறையும் தீரும். ஈரலை அப்படி வேகவிடக் கூடாது. நடுவில் சிவப்பு மறைந்ததும் இறக்குங்கள், மீறினால் இறுகிவிடும். ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கொப்புளம் தெரிந்தால் வாங்காதீர்கள். வீட்டில் அறுத்த ஆட்டில் அதைக் கண்டால் நாய்க்குப் போடாமல் ஆழப் புதையுங்கள். அந்தக் கொப்புளத்தை உண்டாக்கும் நாடாப்புழு நாய் வழியாகத்தான் மனிதருக்கு வருகிறது.