மனை வாங்கும் முன் நிலத்தின் மேடு பள்ளம் பார்ப்போம்: க்யூஜிஐஎஸ் முதல் பாடம்

கோடையில் மனை பார்க்கப் போனால் எல்லா இடமும் காய்ந்துதான் கிடக்கும். "இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டால், "அதெல்லாம் நிக்காது சார்" என்றுதான் பதில் வரும். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்த வட்டாரத்தின் மேடு பள்ளத்தை நீங்களே பார்த்துவிடலாம். செலவு எதுவும் இல்லை.

இதற்கு உதவுவது க்யூஜிஐஎஸ் என்ற கட்டற்ற மென்பொருள். 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கியது. இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். கட்டணம் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் வேலைக்கு மட்டும் கணினி தேவை. அதன் பிறகு போன் போதும்.

செய்ய வேண்டியவை:

1. க்யூஜிஐஎஸ் இணையதளத்தில் 'லாங் டெர்ம்' பதிப்பைத் தரவிறக்கி நிறுவுங்கள்.

2. இடப்பக்கப் பட்டியலில் 'எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ்' என்பதன் கீழ் 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்' இருக்கும். அதை இருமுறை சொடுக்கினால் தெரு வரைபடம் வரும். உங்கள் ஊருக்குப் போங்கள்.

3. அடுத்து உயரத் தரவு. இஸ்ரோவின் புவன் தளத்தில் பதிவு செய்து 'கார்ட்டோடெம்' கோப்பை இலவசமாக எடுக்கலாம். அதை அப்படியே இழுத்து க்யூஜிஐஎஸ்-ல் போடுங்கள்.

4. கறுப்பு வெள்ளையில் ஒரு படம் தெரியும். அதன் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'சிம்பாலஜி'யில் 'சிங்கிள்பேண்ட் சூடோகலர்' தேர்ந்தெடுங்கள். தாழ்வுக்கு நீலம், மேட்டுக்குப் பழுப்பு என நிறம் கொடுங்கள். சுற்றிலும் பழுப்பு, நடுவில் நீலம் என்று உங்கள் மனை விழுந்தால், மழைத்தண்ணீர் எங்கே வந்து சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

5. ப்ராஜெக்டைப் போனுக்கு மாற்றி, 'க்யூஃபீல்ட்' செயலியில் திறங்கள். மனையில் நேரில் நின்றால், நீங்கள் நிற்கும் இடம் அந்த நிறப்படத்தின் மேலேயே புள்ளியாகத் தெரியும்.

ஒன்றை மறந்துடாதீங்க. இந்தத் தரவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது சுமார் 9,700 சதுர அடி; நான்கு கிரவுண்டுக்கு ஒரே உயரம்தான் காட்டும். சில மீட்டர் பிழையும் இருக்கலாம். தென்னந்தோப்பும் கட்டடமும் மேடு போலத் தோன்றலாம். ஆகவே வட்டாரத்தின் போக்கைப் பார்க்க இது உதவும். தனி மனைக்குத் தீர்ப்புச் சொல்லாது. சட்டப்படி இது ஆவணமும் ஆகாது.

சந்தேகம் வந்தால் அடுத்த படி இதுதான்: வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். பக்கத்தில் ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு அந்தத் தெருவில் பத்து வருஷமா குடியிருக்கிற ஒருவரிடம், "போன பெருமழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். வரைபடமும் பதிவேடும் அவர் சொல்வதும் ஒத்துப்போனால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.