கூட்டில் முட்டை, வீட்டில் யாருக்கு?



உங்கள் வீட்டுக் கொல்லையில் 5 நாட்டுக்கோழிகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். நல்ல நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முட்டையாவது இடும். ஆக 300 முட்டை. அடை வைக்க 100-ஐ ஒதுக்கினாலும் 200 மிச்சம். வாரத்துக்கு ஏறக்குறைய 4 முட்டை. இந்த நாலும் யார் வயிற்றுக்குப் போகின்றன?

"ஏங்க, சந்தைக்குப் போறப்ப முட்டையையும் எடுத்துக்கிட்டுப் போங்க, எண்ணெய் வாங்கணும்" என்பாள் மனைவி. தப்பித் தவறி வீட்டில் தங்கினதையும் கணவனுக்கும் பிள்ளைக்கும் பொரித்து வைப்பாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவளுக்கு? பால் கொடுக்கிறவளுக்கு? சட்டியில் ஒட்டினதுதான் மிச்சம்.

50 கிராம் எடையுள்ள முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. கருவில் வளரும் குழந்தைக்கு இது மிகவும் தேவை. "முட்டை சூடு, கர்ப்பிணிக்கு ஆகாது" என்பது வெறும் பேச்சு. கோடையிலும் சாப்பிடலாம். 6 மாதம் முடிந்த குழந்தைக்கும் நன்றாக வேக வைத்து, மசித்துக் கொடுக்கலாம். பச்சை முட்டை யாருக்கும் வேண்டாம். அதில் நோய்க்கிருமி இருக்கக் கூடும். முட்டை சாப்பிடுகிறோமே என்று கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தி விடவும் கூடாது.

பருவத்துக்கு ஏற்ற பராமரிப்பு

தை, மாசி: களத்தில் சிந்திய நெல்லும் புழு பூச்சியும் தின்று கோழி நன்றாக முட்டை இடும். அடை வைக்க ஏற்ற காலம். ஆனால் எல்லாக் கோழிகளையும் ஒரே சமயத்தில் அடை வைக்காதீர்கள். அடையில் 21 நாளும், பிறகு குஞ்சுகளோடு திரியும் மாதங்களிலும் அந்தக் கோழி முட்டை இடாது. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கோடை வருமுன்பே தடுப்பூசி போட்டு விடுங்கள். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

சித்திரை, வைகாசி: நிழலும் குளிர்ந்த தண்ணீரும் எந்நேரமும் வேண்டும். வெயில் நாளில் அடை வைத்தால் பல கூமுட்டையாகிப் போகும். அதைவிட வீட்டில் சமைத்துச் சாப்பிடுவதே லாபம். முட்டைகளை ஈர மணல்மேல் வைத்த மண்சட்டியில் வைத்தால் சீக்கிரம் கெடாது. தண்ணீரில் போட்டால் மிதக்கிற முட்டை பழசு; விலக்கி விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: கூண்டுத் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். ஈரம் இருந்தால் ரத்தக்கழிச்சல் வரும். இறகு உதிர்க்கிற கோழி முட்டையை நிறுத்தும். "இது ஓஞ்சு போச்சு" என்று விற்று விடாதீர்கள். இறகு முளைத்ததும் மறுபடி இடும்.

எந்தப் பருவத்திலும் படுக்கிற அறையில் கூண்டு வேண்டாம். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கோழிகூடக் குஞ்சுகளைத் தனியே மேய விட்ட பிறகே மறுபடி முட்டை இடுகிறது. தாயின் உடம்பு தேற ஓய்வு வேண்டும். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே 3 ஆண்டு இடைவெளி விடுங்கள். அதற்கான வழிகளைக் கிராம சுகாதார செவிலியரிடம் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

கணவன்மாரே, இன்று கூட்டில் எடுக்கும் முட்டையை முதலில் மனைவியின் தட்டில் வையுங்கள். மிஞ்சினது சந்தைக்குப் போகட்டும்.