வலைப்பூ வருவாயும் வங்கிக் கணக்கும்

வலைப்பூ எழுதிப் பொருளீட்டுவோர் பலர் அவ்வருவாயைக் கைச்செலவுப் பணமாகவே கருதுகின்றனர். அது வருமான வரிக்கு உட்பட்ட தொழில் வருமானமாகும்.

கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரத் தொகை 100 டாலரை எட்டிய பின்னரே, மறுமாதம் 21 முதல் 26ஆம் தேதிக்குள் அனுப்பப்படுகிறது. வெளிநாட்டுப் பணவரவு என்பதால் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு தேவை. பெறுநர் பெயர் கணக்கில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். மாறினால் தொகை திரும்பிச் செல்லக்கூடும்.

இதற்கெனத் தனிக் கணக்கு தொடங்குங்கள். இணையக் கட்டணம், தளப்பெயர்க் கட்டணம் ஆகியவற்றையும் அதிலிருந்தே செலுத்துங்கள். ஒவ்வொரு வரவின் சான்றையும் கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆண்டுதோறும் வருமான வரி விவரம் தாக்கல் செய்யுங்கள்.

நாளை தொழிலை விரிவாக்கக் கடன் கோரி வரும்போது, வாசகர் எண்ணிக்கையன்று, இக்கணக்கே உங்களுக்காகப் பேசும்.