காயிலைக் கழற்றும் முன்

"அரை மணி நேரம் நல்லா ஓடுதுண்ணே. அப்புறம் பொசுக்குன்னு நின்னுடுது. கொஞ்சம் ஆறப்போட்டா மறுபடி எடுக்குது." பழைய அம்பாசடரோ பத்மினியோ பட்டறைக்கு வந்து இப்படிச் சொன்னால், பெரும்பாலும் அடுத்த வார்த்தை "காயில் போச்சு" என்பதுதான். புதுக் காயில் மாட்டுவார்கள், வண்டி கிளம்பும். கிளம்பாமல் என்ன செய்யும்? மாட்டி முடிக்கிற இருபது நிமிடத்தில் எல்லாமே ஆறிவிட்டதே!

பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில் கைவைக்கப் போகிற இளைஞர்கள் முதலில் பழக வேண்டியது இதுதான்: கோளாறைச் சூட்டிலேயே பிடிக்க வேண்டும். வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நிற்கும்வரை ஓட்டிப் போங்கள். கையில் ஒரு பழைய பிளக்கும் மல்டிமீட்டரும் இருக்கட்டும். நின்றதும் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு ஒயரைப் பிடுங்கி, அந்தப் பிளக்கில் செருகி, பிளக்கின் உடம்பை எஞ்சினில் எர்த் செய்து, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகச் சடசடவென்று பொறி பறந்தால் காயிலை விட்டுவிட்டுப் பெட்ரோல் பம்ப் பக்கம் போங்கள். மஞ்சளாக மினுங்கினாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ, கோளாறு இக்னிஷனில்தான். அப்போதும் காயில்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். சூட்டில் கண்டன்சரும் இதே வேலையைக் காட்டும். பத்து நிமிட வேலை, அதை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மீட்டர். முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஓமை அளக்கும் இடத்தில் ஒயரின் 0.3 ஓம்கூடக் கணக்கைக் கெடுக்கும். இனி இக்னிஷனை அணைத்து, ஒயர்களைக் கழற்றி, காயிலின் பிளஸ், மைனஸ் முனைகளை அளந்தால், ரெசிஸ்டர் இல்லாமல் நேரே 12 வோல்ட்டில் ஓடும் காயில் சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். இதே காயில் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் 3.7 வரை ஏறும். அது செம்புக் கம்பியின் இயல்பு, கோளாறு அல்ல. சூட்டில் அளவு ஏறாமல் இறங்கினால் உள்ளே சுற்றுகள் ஒட்டிக்கொள்கின்றன. எல்லையில்லாமல் ஓடினால் கம்பி விட்டுவிட்டது.

காயில் தானாகக் கொதிப்பது அபூர்வம். யாரோ கொதிக்க வைக்கிறார்கள். பல நேரம் அந்த 'யாரோ' நாம்தான். நான் வேலை பழகிய பட்டறையில் ஓர் அம்பாசடரின் அசல் காயில் ஆயுள் முடிந்து போனது. பதிலுக்கு ஒரே வருடத்தில் மூன்று மாற்றினோம். மூன்றாவதை மாட்டியவன் நான். அதுவும் கொதித்தபோதுதான் கிளாம்பைத் தளர்த்தித் திருப்பிப் பார்த்தேன். கிளாம்புக்கு அடியில், வெளி ரெசிஸ்டரோடு மட்டுமே போட வேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அளந்தால் 1.5 ஓம். அந்த வண்டியிலோ ரெசிஸ்டரே கிடையாது. 14 வோல்ட்டில் 3 ஓம் காயில் ஐந்து ஆம்பியருக்குள் இழுக்கும். இது ஒன்பதுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. இரட்டிப்புச் சூடு. பாயிண்டும் கருகிப் போயிருந்தது.

ரெசிஸ்டர் உள்ள வண்டியானால், அதை யாராவது ஒயர் போட்டுத் தாண்டிவிட்டார்களா என்று பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டு, காயிலின் பிளஸ்ஸில் வோல்ட்டை அளக்க வேண்டும். பேட்டரி வோல்ட்டில் பாதியளவுக்கு இறங்கியிருந்தால் சரி. பாயிண்ட் திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, ரெசிஸ்டர் இருந்தாலும் முழு 12 காட்டும். இதில் ஏமாந்த சீனியர்களையே பார்த்திருக்கிறேன்.

பாயிண்ட் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், அம்பாசடருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். குறுகிப்போயிருந்தால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் கூடி, காயிலுக்கு ஆற நேரம் இருக்காது. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கிப் பேட்டரியில் அளக்கும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரைக் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருந்து, பாயிண்டும் மூடி நின்றால், காயில் இடைவிடாமல் வெந்துகொண்டே இருக்கும். உள்ளே எண்ணெய் நிரப்பிய காயில் வெடித்துக் கொதியெண்ணெய் தெறிப்பதும் உண்டு. லைட், வைப்பர் என்று சாவி போட்டு ஒயரிங் பார்க்கும் வேலை வந்தால், காயிலின் பிளஸ் ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஜாப் கார்டில் "காயில் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆறியபோது எத்தனை ஓம், சூட்டில் எத்தனை, சார்ஜிங் வோல்ட் எவ்வளவு, எதனால் சூடானது, எல்லாவற்றையும் குறியுங்கள். சோதனைக்கு ஆன நேரத்தைக் கூலியில் தனி வரியாகப் போடக் கூச்சப்பட வேண்டாம். பழைய வண்டி வைத்திருப்பவர் பில்லை முழுசாகப் படிப்பார். அடுத்த தடவை வரும்போது அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டும் வருவார்.