பாட்டுக் கட்ட வரும் பிள்ளைகளுக்கு

பாட்டெழுதக் கிளம்பும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்லும் பெயர் ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமெனெஸ். 1926இல் மெக்சிகோவின் குவானஹுவாதோ மாநிலத்தில், டொலோரெஸ் இடால்கோ என்ற ஊரில் பிறந்தவர். மரியாச்சிக் குழுக்கள் வாசிக்கும் ரஞ்செரா பாட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. என் அறிவுரை எல்லாம் அவரிடமிருந்து எடுத்ததுதான்.

1. வாத்தியம் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். அவருக்கும் தெரியாது. சுரம் எழுதவும் வராது. மெட்டை விசிலடித்துக் காட்டுவார், பாடிக் காட்டுவார். மரியாச்சி வர்காஸ் குழுவின் வயலின்காரர் ரூபென் ஃபுவெந்தெஸ் அதைக் கேட்டு, வயலினுக்கு எவ்வளவு, ட்ரம்பெட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கோப்பார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அந்த விசிலில் மெட்டு முழுசாக இருந்தது. இன்றைக்குச் சில பிள்ளைகள் செல்போனில் இரண்டு வரி முனகி அனுப்பிவிட்டு, "மீதியை நீங்க பாத்துக்கங்க அண்ணே" என்கிறார்கள். தெரியாமை வேறு, சோம்பல் வேறு.

2. சோறு போடும் வேலையை அவசரப்பட்டு உதறாதீர்கள். அவருடைய அப்பா மருந்துக்கடைக்காரர். அவர் கண்ணை மூடியதும் குடும்பம் நொடித்தது; பையன் மெக்சிகோ சிட்டிக்கு வந்து சேர்ந்தான். கால்பந்தில் கோல்கீப்பராக நின்றான். லா சிரேனா என்ற சாப்பாட்டுக்கடையில் சர்வர் வேலை பார்த்தான். கடை முதலாளியின் மகன் ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தான். அதில் சேர்ந்துகொண்டதில்தான் வழி திறந்தது. 1950இல் அந்திரேஸ் உவெஸ்காவின் குழு 'யோ' என்ற அவர் பாட்டைப் பதிவு செய்தது. அதற்குப் பிறகு அவர் தட்டு ஏந்தவில்லை.

3. உங்கள் பாட்டை உங்களைவிட நன்றாகப் பாடுகிறவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பெத்ரோ இன்ஃபாந்தே, ஹோர்ஹே நெக்ரெதே, லோலா பெல்த்ரான் என்று எல்லோரும் அவர் பாட்டைப் பாடினார்கள். அவரும் பாடினார். யாருக்கும் நஷ்டமில்லை.

4. ஊர்ப்பெயரைப் போடக் கூச்சப்படாதீர்கள். 'காமினோ தெ குவானஹுவாதோ' என்ற பாட்டில் தன் மாநிலத்து ஊர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். லெயோன் வருகிறது, கூபிலேதெ மலைமேல் நிற்கும் கிறிஸ்து வருகிறார், கடைசியில் சொந்த ஊர் வருகிறது. நடுவில் சலமங்கா. அந்த ஊர்ப் பக்கம் மட்டும் வேண்டாம், சுற்றிக்கொண்டு போ என்கிறார். கூடப் பிறந்தவர் இறந்த ஊர் அது என்று சொல்வார்கள். பாட்டில் அந்தச் சாவைப் பற்றிப் பேச்சே இல்லை. துக்கத்தை நாலு சரணத்துக்கு நீட்டி முழக்குகிற நம் புதுக்கவிஞர்கள் இந்த ஒரு இடத்தைப் பத்துமுறை கேட்க வேண்டும். "நெஞ்சம் வெடிக்குதே" என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் பேனாவை மூடிவிட்டு, எந்தத் தெருவில் நடக்க உங்களுக்குக் கால் வராது என்று யோசியுங்கள். அந்தத் தெருவை எழுதுங்கள்.

5. பாட்டில் பேசுகிறவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1971இல் வந்த 'எல் ரேய்' பாட்டில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் இஷ்டப்படிதான் என்கிற, அரியணை இல்லாத ஒருவன் தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்கிறான். விட்டுப்போன பெண்ணிடம் அவன் அடிக்கும் சவடால் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் மனுஷன் உள்ளே நொறுங்கிக் கிடக்கிறான் என்று கேட்டவுடன் தெரிந்துவிடுகிறது. அவனைத் திருத்தி எழுதியிருந்தால் பாட்டு செத்திருக்கும்.

6. குடித்தால்தான் பாட்டு வரும் என்று எவனாவது சொன்னால் அவனோடு உட்காராதீர்கள். ஹோசே அல்ஃப்ரெடோ குடித்தார். குடியைப் பற்றி நிறையவே எழுதினார். பாட்டு குடியில் வந்தது என்று நான் ஒப்பமாட்டேன். கல்லீரல் கெட்டு 1973 நவம்பர் 23 அன்று இறந்தபோது வயது 47. அவரோடு சரிக்குச் சரி குடித்த தோழி சாவேலா வர்காஸ் பின்னாளில் குடியை விட்டார். 1990களில் மறுபடி மேடையேறினார். தோழரின் பாட்டுகளை ஊர் ஊராகப் பாடிக்கொண்டு 93 வயதுவரை இருந்தார்.